விபிஎன் இணைப்புகளுக்கான தீயரண், முகவரிமாற்ற விதிகளைத் தானியக்கமாக்குவது: எவற்றை, எந்த அளவுக்கு?

நீங்கள் கேட்டிருப்பதை என் சொற்களில் ஒருமுறை தொகுத்துக்கொள்கிறேன். டெபியன் 12 ஓடும் ஒரு கணினி உங்கள் அலுவலகத்தின் நுழைவாயிலாக இருக்கிறது. அதன் ஒரு பக்கம் இணையம், மறுபக்கம் 192.168.50.0/24 என்ற உள் வலையமைப்பு. வீட்டிலிருந்து வேலை செய்வோர் வயர்கார்ட் என்ற விபிஎன் மென்பொருள் வழியாக 10.8.0.0/24 முகவரிகளிலும், பழைய கருவிகளை வைத்திருப்போர் ஓபன்விபிஎன் வழியாக 10.9.0.0/24 முகவரிகளிலும் வருகிறார்கள். இவை தவிர, ஒரு வாடிக்கை நிறுவனத்தின் 172.20.0.0/16 வலையமைப்புடன் ஐபிசெக் இணைப்பு ஒன்றும் நிரந்தரமாக இருக்கிறது. சுரங்கம், அதாவது மறையாக்கப்பட்ட விபிஎன் இணைப்பு, எழும்போது தீயரண், முகவரிமாற்ற விதிகள் தாமாகச் சேரவும், இறங்கும்போது தாமாக நீங்கவும் ஸ்கிரிப்ட் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சில நாள் ஒரே விதி மூன்று நான்கு முறை இருக்கிறது, சில நாள் ஒன்றுகூட இல்லை. இதை நம்பகமாகச் செய்வது எப்படி என்பது கேள்வி.

என் விடை சற்று எதிர்த்திசையில் தொடங்கும். உங்கள் ஸ்கிரிப்ட் தானியக்கமாக்க முயலும் வேலையில் பெரும்பகுதி செய்யவே வேண்டாத வேலை. அதை முதலில் நீக்கிவிட்டால் மிஞ்சுவது மிகச் சிறியது. அந்தச் சிறிய பகுதியைத்தான் கவனமாக எழுத வேண்டும்.

இணையத்தில் எங்கு தேடினாலும் கிடைக்கும் அந்த இரண்டு வரிகளிலிருந்து தொடங்குவோம். வயர்கார்ட் அமைப்புக் கோப்பில், சுரங்கம் எழுந்ததும் ஓடும் போஸ்ட்அப் என்ற வரியில், வயர்கார்ட்டின் டபிள்யூஜி0 இடைமுகத்திலிருந்து வரும் பொதிகளை ஃபார்வர்ட் சங்கிலியில் (கணினியைக் கடந்து போகும் பொதிகளுக்கான விதி வரிசையில்) அனுமதிக்கும் ஒரு ஐபிடேபிள்ஸ் (லினக்ஸின் தீயரண் கருவி) கட்டளையும், இணையப் பக்கமுள்ள ஈத்0 வழியாக வெளியேறும் எல்லாவற்றையும் மாஸ்கரேட் செய்யும், அதாவது மூல முகவரியை நுழைவாயிலின் வெளி முகவரியாக மாற்றும், இன்னொரு கட்டளையும் இருக்கும். சுரங்கம் இறங்கியதும் ஓடும் போஸ்ட்டவுன் வரியில் அவற்றையே நீக்கும் கட்டளைகள் இருக்கும். ஒற்றைப் பயனுக்கு வாடகைக்கு எடுத்த சிறு சர்வரில் இது ஒழுங்காகவே ஓடும். உங்களுடையதைப் போன்ற நுழைவாயிலில் இது பல வகைகளில் உடையும்.

முதலாவதாக, விதி இரட்டிப்பது. டபிள்யூஜி-குவிக் கருவி சுரங்கத்தை எழுப்பும்போது போஸ்ட்அப் கட்டளைகளில் ஒன்று தவறினால், அது தான் உருவாக்கிய இடைமுகத்தை அழித்துவிட்டு வெளியேறுகிறது. ஆனால் அப்போது போஸ்ட்டவுன் கட்டளைகளை அது இயக்குவதில்லை. ஆகவே தவறுவதற்கு முன் சேர்ந்துவிட்ட விதி அப்படியே தங்கிவிடுகிறது. நீங்கள் பிழையைத் திருத்தி மறுபடி எழுப்பினால் அதே விதி இரண்டாவது முறை சேர்கிறது. நீக்கும் கட்டளையோ ஒரு முறைக்கு ஒரு பிரதியை மட்டுமே நீக்கும்.

இதைவிட நுட்பமான காரணம் ஒன்று உண்டு. சுரங்கத்தை இறக்கும்போது அந்தக் கருவி கோப்பை அந்த நேரத்தில் புதிதாகப் படிக்கிறது. சுரங்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பைத் திருத்தி, ஈத்0 என்பதை ஈஎன்பி1எஸ்0 என்று மாற்றிவிட்டு, பிறகு மறுதொடக்கம் செய்தால், இறக்கும் கட்டளை புதிய பெயரில் உள்ள விதியை நீக்கத் தேடும். அப்படி ஒரு விதி இல்லை. பழைய பெயரில் இருக்கும் விதி அனாதையாக நின்றுவிடும். நீங்கள் கணினியை மாற்றியபோது இடைமுகத்தின் பெயர் மாறியதாக எழுதியிருப்பதால், உங்களிடம் நடந்தது பெரும்பாலும் இதுதான்.

இரண்டாவதாக, விதி மறைவது. டெபியன் 10 முதல் ஐபிடேபிள்ஸ் என்ற கட்டளை அடியில் அதன் புதிய வாரிசான என்எஃப்டேபிள்ஸையே பயன்படுத்துகிறது. டெபியனுடன் வரும் என்எஃப்டேபிள்ஸ் அமைப்புக் கோப்பின் முதல் கட்டளை, கர்னலில் இருக்கும் எல்லா விதிகளையும் மொத்தமாகத் துடைப்பது. யாராவது அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால், சுரங்கம் எழும்போது ஐபிடேபிள்ஸ் வழியாகச் சேர்த்தவையும் சேர்ந்தே போகும். சுரங்கம் உயிரோடுதான் இருக்கும், ஹேண்ட்ஷேக்கும் (இரு முனைகளும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வது) நடக்கும், ஆனால் ஒரு பொதியும் தாண்டாது. ஏனென்றால் போஸ்ட்அப் மறுபடி ஓடுவதற்கு எந்தக் காரணமும் ஏற்படவில்லை. ஒரு நிகழ்வைக் கேட்டு விதி சேர்க்கும் எந்த அமைப்புக்கும் உள்ள அடிப்படைப் பலவீனம் இது: நிகழ்வு ஒருமுறைதான் நடக்கும், விதியோ அதற்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அழிக்கப்படலாம்.

இப்போது என் முக்கியமான கருத்துக்கு வருகிறேன். ஒரு விதியில் இடைமுகத்தின் பெயரைக் குறிப்பிட, அந்த இடைமுகம் அந்த நேரத்தில் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐபிடேபிள்ஸில் எப்போதுமே இல்லை. என்எஃப்டேபிள்ஸில் இரண்டு வழிகள் உள்ளன: 'ஐஐஎஃப்' என்ற நிபந்தனை இடைமுகத்தின் எண்ணை வைத்துப் பொருத்துகிறது, 'ஐஐஎஃப்நேம்' என்பது பெயரை எழுத்துச் சரமாக வைத்துப் பொருத்துகிறது. முதலாவது சற்று வேகமானது. ஆனால் விதியை ஏற்றும்போது இடைமுகம் இல்லையென்றால் ஏற்ற மறுத்துவிடும். அதைவிட மோசம், சுரங்கம் இறங்கி மறுபடி எழுந்தால் இடைமுகத்துக்குப் புதிய எண் கிடைக்கும், பழைய எண்ணை வைத்திருக்கும் விதி ஓசையின்றிப் பயனற்றுப் போகும். பட்டியலில் விதி இருக்கும், வேலை செய்யாது. இரண்டாவதில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ஆகவே சுரங்க இடைமுகங்களுக்கு எப்போதும் பெயரையே பயன்படுத்துங்கள். 'டபிள்யூஜி' என்று தொடங்கும் எல்லா இடைமுகங்களும் என்று நட்சத்திரக் குறியுடன் எழுதவும் முடியும்.

இது கைவந்துவிட்டால், கணினி தொடங்கும்போதே, எந்தச் சுரங்கமும் எழுவதற்கு முன்பே, எல்லா விதிகளையும் ஒரே கோப்பிலிருந்து ஏற்றிவிடலாம். சுரங்கம் எழுந்தால் அவை பொருந்தத் தொடங்கும். இறங்கினால் பொருந்துவதற்கு எதுவும் இருக்காது. போஸ்ட்அப், போஸ்ட்டவுன் வரிகள் இரண்டுமே காலியாகிவிடும்.

சுரங்கம் இல்லாத நேரத்திலும் அனுமதி விதி திறந்து கிடப்பது ஆபத்தல்லவா என்று சிலர் கேட்பதுண்டு. உண்மை நேர்மாறானது. டபிள்யூஜி0 இல்லாதபோது டபிள்யூஜி0 வழியாக ஒரு பொதி வர முடியாது. ஆனால் சுரங்கம் இறங்கிய நேரத்தில், உள் வலையமைப்பிலிருந்து 10.8.0.5 என்ற முகவரிக்குப் போக வேண்டிய பொதி என்ன ஆகும்? அந்த முகவரிக்கான வழித்தடம் சுரங்கத்தோடு மறைந்துவிட்டதால், அது இயல்பு வழித்தடத்தைப் பிடித்து, மறையாக்கம் எதுவுமின்றி, உங்கள் இணையச் சேவையாளரிடம் போய்ச் சேரும். எழும்போது சேர்த்து இறங்கும்போது நீக்கும் முறையில் இதைத் தடுக்க ஆளே இல்லை. நிலையான விதிகளில் இரண்டே வரிகள் போதும்: 10.8.0.0/24, 10.9.0.0/24 ஆகியவற்றைச் சேருமிடமாகக் கொண்ட எதுவும் வெளி இடைமுகம் வழியே போகக் கூடாது. அவற்றை மூலமாகக் காட்டும் எதுவும் தத்தம் சுரங்கம் அல்லாத வேறு இடைமுகத்திலிருந்து உள்ளே வரக் கூடாது. இவற்றை அனுமதி விதிகளுக்கு மேலே வையுங்கள்.

முகவரி மாற்ற விதியையும் இறுக்க வேண்டும். 'வெளியேறும் எல்லாவற்றையும் மாஸ்கரேட் செய்' என்பது சோம்பேறித்தனமான விதி. மூலம் 10.8.0.0/24 அல்லது 10.9.0.0/24 அல்லது 192.168.50.0/24 ஆக இருந்து, வெளி இடைமுகம் வழியே இணையத்துக்குப் போனால் மட்டும் முகவரி மாறட்டும். சுரங்கத்திலிருந்து அலுவலக வலையமைப்புக்குள் போகும் பொதிகளுக்கு முகவரி மாற்றம் தேவையே இல்லை. உள்ளே இருக்கும் கணினிகளின் இயல்பு வழித்தடம் இதே நுழைவாயில் என்பதால் பதில்கள் தாமாகவே இங்கு திரும்பி வரும். அங்கும் மாஸ்கரேட் போட்டுவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதன் விலை, உள் சர்வரின் பதிவுகளில் எல்லாரும் நுழைவாயிலின் ஒரே முகவரியிலிருந்து வந்ததாகத் தெரிவது. ஒரு நாள் 'யார் அந்தக் கோப்பை அழித்தது' என்ற கேள்வி எழும்போதுதான் அதன் அருமை புரியும்.

உங்கள் வெளி முகவரி நிலையானது என்றால் மாஸ்கரேட்டைவிட எஸ்நாட் (மூல முகவரியை நீங்கள் குறிப்பிடும் ஒரு முகவரியாக மாற்றுவது) பொருத்தமானது. மாஸ்கரேட், வெளி இடைமுகம் இறங்கும்போது அதன் வழியே போன இணைப்புப் பதிவுகளைக் கழித்துவிடும். மாறும் முகவரி உள்ள இணைப்புக்கு அதுதான் வேண்டும். நிலையான முகவரிக்கு அது தேவையற்ற துண்டிப்பு.

விதிக் கோப்பின் வடிவம் பற்றி. என்எஃப்டேபிள்ஸின் பெரிய வரம், ஒரு கோப்பில் உள்ள அத்தனை மாற்றங்களும் ஒரே பரிவர்த்தனையாக ஏறுவது. ஒரு வரி பிழையானாலும் எதுவும் மாறாது. ஐபிடேபிள்ஸ் கட்டளைகளை வரிசையாக அடுக்கிய ஸ்கிரிப்ட்டில், பாதி ஏறிய நிலை என்ற ஒன்று எப்போதும் உண்டு. இந்த வரத்தைப் பயன்படுத்த, உங்கள் விதிகளுக்கென்று தனி அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கோப்பின் முதல் வரி அந்த அட்டவணையைச் சேர்க்கட்டும். ஏற்கெனவே இருந்தாலும் சேர்க்கும் கட்டளை பிழை தராது. இரண்டாவது வரி அதைக் காலி செய்யட்டும். அதன் பிறகு முழு வரையறை வரட்டும். இந்தக் கோப்பை நூறு முறை ஏற்றினாலும் விளைவு ஒன்றே. இரட்டிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லா விதிகளையும் மொத்தமாகத் துடைக்கும் கட்டளையை இக்கோப்பில் ஒருபோதும் எழுதாதீர்கள். அது, கணினியில் தாமே விதி எழுதும் மென்பொருள்களான டாக்கரின் விதிகளையும் ஃபயர்வால்டியின் விதிகளையும் சேர்த்துக் கொண்டுபோகும்.

காலி செய்வதா, அழித்துவிட்டு மறுபடி உருவாக்குவதா என்பதில் ஒரு வேறுபாடு இருக்கிறது. காலி செய்தால் விதிகள் மட்டும் போகும், அட்டவணைக்குள் இருக்கும் செட்களின் (பெயரிட்ட முகவரிப் பட்டியல்களின்) உறுப்புகள் தங்கும். கீழே சொல்லப்போகும் ஓபன்விபிஎன் ஏற்பாட்டுக்கு அது அவசியம். ஆனால் கோப்பிலிருந்து நீங்கள் நீக்கிய ஒரு சங்கிலியும் கர்னலில் வெறுமையாகத் தங்கிவிடும். அந்தச் சங்கிலியின் இயல்பு முடிவு 'மறு' என்றிருந்தால், வெறுமையான அச்சங்கிலி எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆகவே சங்கிலியின் பெயரை மாற்றும் நாளில் மட்டும் அட்டவணையை முழுவதும் அழித்து ஏற்றுங்கள்.

ஐபிடேபிள்ஸிலிருந்து வருவோர் தடுமாறும் இடம் இன்னொன்று. ஒரே கொக்கியில் (பொதியின் பயணத்தில் விதிகள் பார்க்கப்படும் ஒரே இடத்தில்) பல அட்டவணைகளின் சங்கிலிகள் இருக்கும்போது, ஒன்றில் கிடைத்த அனுமதி அந்தச் சங்கிலியோடு முடிந்துவிடும். பொதி அடுத்த சங்கிலிக்கும் போகும். மறுப்பு மட்டுமே இறுதியானது. டாக்கர் ஓடும் கணினியில் ஃபார்வர்ட் சங்கிலியின் இயல்பு முடிவை டாக்கர் 'மறு' என்று மாற்றியிருந்தால், உங்கள் அட்டவணையில் எவ்வளவுதான் அனுமதித்தாலும் பொதி அங்கே போய்ச் சாகும். அதற்கென்றே டாக்கர் விட்டுவைத்திருக்கும் டாக்கர்-யூசர் சங்கிலியில் உங்கள் அனுமதியைச் சேர்க்க வேண்டும். நுழைவாயில் கணினியில் டாக்கரை வைக்காமலிருப்பது இன்னும் நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம்.

இனி, உண்மையிலேயே மாறக்கூடியவை. வயர்கார்ட்டில் அப்படி அநேகமாக எதுவும் இல்லை. அதில் 'இணைந்தார்', 'பிரிந்தார்' என்ற நிகழ்வே கிடையாது. ஒவ்வொரு பயனரின் சாவிக்கும் ஒரு முகவரி அமைப்புக் கோப்பிலேயே கட்டப்பட்டிருக்கிறது, அந்தச் சாவி இல்லாமல் அந்த முகவரியிலிருந்து பொதி வர முடியாது. ஆகவே முகவரியே அடையாளம். கடைசி ஹேண்ட்ஷேக் நேரத்தைச் சில நொடிகளுக்கு ஒருமுறை பார்த்து விதி சேர்க்கும் ஸ்கிரிப்ட்டுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அந்த வழியில் போகாதீர்கள். கணக்கர்கள் எந்தச் சர்வருக்குப் போகலாம், நிரலாளர்கள் எதற்குப் போகலாம் என்பதை முகவரிச் செட்களாக ஒருமுறை எழுதிவிட்டால் போதும்.

இங்கே தானியக்கம் என்றால், பயனர் பெயர், பொதுச் சாவி, முகவரி, குழு ஆகியவற்றைக் கொண்ட ஒரே ஒரு பட்டியலிலிருந்து வயர்கார்ட் கோப்பையும் தீயரண் கோப்பையும் சேர்த்தே உருவாக்குவதுதான். அன்சிபிள் பயன்படுத்தினாலும் சரி, ஐம்பது வரிப் பைதான் நிரல் எழுதினாலும் சரி, மூலம் ஒன்றாக இருக்க வேண்டும். உருவான தீயரண் கோப்பை ஏற்றுவதற்கு முன், ஏற்றாமல் சோதிக்க மட்டும் செய்யும் வசதி என்எஃப்டி கட்டளையில் இருக்கிறது. அதைத் தாண்டினால் மட்டுமே ஏற்றட்டும். வயர்கார்ட் பக்கத்தில் சுரங்கத்தை இறக்கி ஏற்ற வேண்டியதில்லை. டபிள்யூஜி கருவியின் சின்க்கான்ஃப் கட்டளை, ஓடிக்கொண்டிருக்கும் அமர்வுகளைத் தொடாமல் வேறுபாட்டை மட்டும் புகுத்தும். ஆனால் அது வழித்தடங்களைச் சேர்க்காது. 10.8.0.0/24க்குள்ளேயே புதியவர் வந்தால் கவலையில்லை. ஒரு பயனருக்குப் பின்னால் தனி வலையமைப்பு இருந்தால் அதற்கான வழித்தடத்தை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

ஓபன்விபிஎன்னின் நிலை வேறு. அங்கே முகவரி பெரும்பாலும் இணையும்போது வழங்கப்படுகிறது. யாருக்கு எந்த முகவரி கிடைத்தது என்பதைத் தெரிவிக்க 'லேர்ன்-அட்ரஸ்' என்ற கொக்கி இருக்கிறது. அது உங்கள் ஸ்கிரிப்ட்டை, சேர், புதுப்பி, நீக்கு ஆகிய மூன்றில் ஒரு செயலையும், முகவரியையும், சான்றிதழில் உள்ள பெயரையும் கொடுத்து அழைக்கிறது. நீக்கும்போது பெயர் வராது, முகவரி மட்டுமே வரும். ஆகவே எந்தக் குழுவின் செட்டில் அம்முகவரி இருந்தது என்பதைப் பெயரை நம்பாமல் கண்டுபிடிக்கும்படி எழுத வேண்டும். மிக எளிய வழி, நீக்கும்போது எல்லாக் குழுச் செட்களிலிருந்தும் அம்முகவரியை நீக்க முயன்று, 'இல்லை' என்ற பிழையைப் பொருட்படுத்தாமல் விடுவது. சேர்க்கும்போதும் முதலில் இதையே செய்துவிட்டுப் பிறகு உரிய செட்டில் சேருங்கள். அப்போதுதான் நேற்று ஒரு கணக்கரிடம் இருந்த முகவரி இன்று ஒரு பயிற்சியாளருக்குப் போனால், பழைய உரிமையும் கூடவே போகாது. சேர்த்தல், புதுப்பித்தல் ஆகிய செயல்களில் உங்கள் ஸ்கிரிப்ட் பிழைக் குறியுடன் முடிந்தால் ஓபன்விபிஎன் அந்த முகவரியை ஏற்க மறுத்துவிடும். இது நல்ல பாதுகாப்பு, ஸ்கிரிப்ட் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும்வரை.

இந்த ஏற்பாட்டில் ஸ்கிரிப்ட் தொடுவது செட்டின் உறுப்புகளை மட்டுமே என்பதைக் கவனியுங்கள். விதிகள் அசையவில்லை, 'இந்தச் செட்டில் உள்ளவர்கள் இந்தச் சர்வரின் இந்தப் போர்ட்டுக்குப் போகலாம்' என்ற வரி கணினி தொடங்கியதிலிருந்து அப்படியேதான் இருக்கிறது. ஆகவே ஸ்கிரிப்ட் தவறினாலும் ஒருவருக்கு அனுமதி கிடைக்காமல் போகுமே தவிர, தீயரணின் வடிவம் குலையாது. உறுப்புகளுக்குக் காலக்கெடு வைக்கவும் என்எஃப்டேபிள்ஸ் அனுமதிக்கிறது. நீக்கும் அழைப்பு எப்போதாவது தவறிவிட்டாலும், கெடு முடிந்ததும் உறுப்பு தானே உதிரும். நீண்ட அமர்வுகளின் நடுவே அறுந்துவிடாதபடி கெடு போதிய அளவு பெரியதாக இருக்கட்டும்.

ஓபன்விபிஎன்னில் பலர் மாட்டிக்கொள்வது உரிமைச் சிக்கல். பாதுகாப்புக் கருதி, தொடங்கியபின் 'நோபடி' என்ற பயனராக இறங்கி ஓடும்படி அதை அமைத்திருப்பீர்கள். 'அப்' ஸ்கிரிப்ட் அதற்கு முன்பே, முழு உரிமையோடு ஓடும். 'டவுன்' ஸ்கிரிப்டும் லேர்ன்-அட்ரஸும் அதற்குப் பின், உரிமை ஏதுமின்றி ஓடும். எழும்போது சேர்ந்த விதி இறங்கும்போது நீங்காமல் போவதற்கு இதைவிடப் பொதுவான காரணம் இல்லை. டவுன்-ரூட் என்ற செருகி இதற்காகவே இருக்கிறது. ஆனால் விதிகளை நிலையாக்கிவிட்ட பிறகு உங்களுக்கு அது தேவைப்படாது. லேர்ன்-அட்ரஸுக்கு மட்டும், ஒரே ஒரு சிறிய நிரலை இயக்கச் சுடோ வழியாக அனுமதி கொடுங்கள். என்எஃப்டி கட்டளையையே திறந்துவிடாதீர்கள். அந்தச் சிறிய நிரல், வந்த முகவரி 10.9.0.0/24க்குள் இருக்கிறதா, பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்த பின்பே செயல்பட வேண்டும்.

ஐபிசெக் பகுதிதான் உங்கள் அமைப்பில் மிகவும் வழுக்கலான இடம். வயர்கார்ட்டுக்கும் ஓபன்விபிஎன்னுக்கும் தனி இடைமுகம் இருக்கிறது. வழக்கமான ஐபிசெக்கில் அது இல்லை. 192.168.50.0/24 இலிருந்து 172.20.0.0/16க்குப் போகும் பொதி, வெளி இடைமுகம் வழியே போகும் சாதாரணப் பொதியைப் போலவே எல்லாச் சங்கிலிகளையும் கடக்கும். மறையாக்கம் நடப்பதற்கு முன்பே, வெளியேறும் கட்டமான போஸ்ட்ரூட்டிங்கில் முகவரி மாற்றம் நடந்துவிடும். மூல முகவரி பொது முகவரியாக மாறிவிட்டால், எதை மறையாக்க வேண்டும் என்று சொல்லும் ஐபிசெக் கொள்கையைக் கர்னல் மறுபடி தேடும்போது அப்பொதி எந்தக் கொள்கைக்கும் பொருந்தாது. மறையாக்கமின்றி இணையத்துக்குள் போய்விடும். சுரங்கம் 'இணைந்திருக்கிறது' என்று ஐபிசெக் மென்பொருளான ஸ்ட்ராங்ஸ்வான் காட்டிக்கொண்டிருக்கும், ஒரு பொதியும் மறுமுனைக்குச் சேராது. அலுவலகம் ஒன்றில் இதைக் கண்டுபிடிக்க ஒரு முழு மாலையைச் செலவிட்டிருக்கிறேன். கடைசியில் வெளி இடைமுகத்தில் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியை வைத்துப் பார்த்தபோது, 172.20 என்று தொடங்கும் முகவரிகளுக்குப் பொதிகள் அம்மணமாகப் போய்க்கொண்டிருந்தன.

தீர்வு, மாஸ்கரேட் விதிக்கு மேலே ஒரு விலக்கு: பொதி ஐபிசெக் கொள்கைக்கு உட்பட்டதென்றால் முகவரியைத் தொடாதே. ஐபிடேபிள்ஸில் 'பாலிசி' என்ற பொருத்தியும், என்எஃப்டேபிள்ஸில் 'ஆர்டி ஐபிசெக்' என்ற நிபந்தனையும் இதைத்தான் கேட்கின்றன. அதோடு ஃபார்வர்ட் சங்கிலியில் இன்னொரு வரி: 172.20.0.0/16க்கு வெளி இடைமுகம் வழியே போகும் பொதி ஐபிசெக் கொள்கைக்கு உட்படவில்லை என்றால் மறுத்துவிடு. சுரங்கம் இறங்கியிருக்கும் நேரத்தில் கசிவைத் தடுப்பது இந்த வரிதான். ஸ்ட்ராங்ஸ்வானின் அப்டவுன் ஸ்கிரிப்ட், இணைப்பு எழும்போது ஐபிடேபிள்ஸ் விதிகளைத் தானே சேர்க்கும் வசதி கொண்டது; மேலே சொன்ன இரண்டு வரிகளும் நிலையாக இருக்கும்போது அதை அணைத்து வைப்பதே நல்லது. ஒரே கணினியில் இரண்டு பேர் விதி எழுதுவது எப்போதும் வம்பில்தான் முடியும்.

இனி எல்லாரும் மறந்துபோகும் ஒன்று: ஒவ்வோர் இணைப்பையும் கர்னல் குறித்துவைக்கும் இணைப்புப் பதிவேடு. முகவரி மாற்ற விதிகளை ஒவ்வோர் இணைப்பின் முதல் பொதி மட்டுமே பார்க்கிறது. பிறகு வரும் பொதிகள், முதல் பொதிக்கு என்ன முடிவானதோ அதையே பின்பற்றும். ஆகவே விதியைச் சேர்ப்பதற்கு முன்பே தொடங்கிய இணைப்புக்கு முகவரி மாற்றம் நடக்காது; விதியை நீக்கிய பின்னும் பழைய இணைப்புகள் மாற்றத்தோடு தொடரும். ஒரு பிங்கை ஓடவிட்டுக்கொண்டே விதிகளைத் திருத்துவோர் இதில் ஏமாறுகிறார்கள்: விதி சரியாகிவிட்டது, ஆனால் அதே பிங் நொடிக்கொரு முறை பழைய பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் தோல்வி தொடர்கிறது. நிறுத்தி மறுபடி தொடங்கினால் உடனே வேலை செய்யும். நிலைபெற்ற டிசிபி இணைப்பின் பதிவு, எதுவும் மாற்றாத லினக்ஸில் 4,32,000 நொடிகள், அதாவது 5 நாள்கள், தங்கும்.

இதற்குப் பாதுகாப்புப் பக்கமும் உண்டு. வேலையை விட்டுப் போனவரின் முகவரியைச் செட்டிலிருந்து நீக்கினால் புதிய இணைப்புகள்தான் தடுக்கப்படும். 'ஏற்கெனவே நிலைபெற்றவற்றை அனுமதி' என்ற வரி உங்கள் சங்கிலியின் தலையில் இருப்பதால், அவர் திறந்து வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் அமர்வு தொடரும். எனவே ஒருவரின் உரிமையை நீக்கும் எந்த நிரலும், கன்ட்ராக் கருவியால் அவருடைய முகவரியை மூலமாகக் கொண்ட பதிவுகளையும் சேர்த்து அழிக்க வேண்டும். ஓபன்விபிஎன்னுக்கான சிறிய நிரலில் இந்த ஒரு வரியைக் கட்டாயம் சேருங்கள்.

சில சிறிய விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பொதிகளை முன்னனுப்பும் கர்னல் அமைப்பைப் போஸ்ட்அப்பில் இயக்காமல் சிஸ்கண்ட்ரோல் கோப்பில் நிரந்தரமாக எழுதுங்கள். ஐபிவி6க்கும் அதை இயக்கினால், லினக்ஸ் ரூட்டர் அறிவிப்புகளை ஏற்பதை நிறுத்திவிடும். உங்கள் வெளி முகவரி அந்த அறிவிப்பின் வழியாக வருகிறதென்றால், வெளி இடைமுகத்துக்கு அக்செப்ட்-ஆர்ஏ மதிப்பை 2 ஆக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சில நேரம் கழித்து ஐபிவி6 மட்டும் மௌனமாகிவிடும். டபிள்யூஜி-குவிக் வழக்கமாக வைக்கும் பொதி அளவு 1420 பைட். சில இணையதளங்கள் மட்டும் திறக்காமல் சுழன்றுகொண்டே இருந்தால், டிசிபியின் தொடக்கப் பொதிகளில் எம்எஸ்எஸ் மதிப்பை (ஒரு பொதியில் அடங்கும் தரவின் உச்ச அளவை) வழித்தட அளவுக்குக் குறைக்கும் விதியைச் சேருங்கள். அதுவும் நிலையான விதியே.

வெளியிலிருந்து வரும் ஒரு போர்ட்டை வயர்கார்ட் பயனர் ஒருவரின் கணினிக்குத் திருப்ப வேண்டியிருந்தால், சேருமிட முகவரியை மாற்றும் டிநாட் விதி மட்டும் போதாது. அந்தப் பயனரின் கணினி சுரங்கத்தை அலுவலக முகவரிகளுக்கு மட்டும் பயன்படுத்துகிறதென்றால், வெளியாரின் முகவரியிலிருந்து வரும் பொதியை அதன் அலவ்ட்-ஐபிஸ் (அனுமதித்த முகவரிகள்) பட்டியல் ஏற்காது; ஏற்றாலும் பதில் வேறு வழியில் போய்விடும். அந்தத் திசையில் மட்டும் மூல முகவரியை நுழைவாயிலின் சுரங்க முகவரியாக மாற்றுவது எளிய வழி. உண்மையான வருகையாளரின் முகவரி தெரியாமல் போவது அதற்குக் கொடுக்கும் விலை.

இனி உங்கள் கணினியை இந்த நிலைக்குக் கொண்டுவரும் வரிசை. புதிய விதிக் கோப்பை முதலில் சோதனை வசதியில் ஓட்டுங்கள். நீங்களே அந்தச் சுரங்கத்தின் வழியாகத்தான் கணினிக்குள் நுழைந்திருக்கிறீர்கள் என்றால், ஏற்றுவதற்கு முன் சிஸ்டம்டி-ரன் கொண்டு ஐந்து நிமிடத்தில் உங்கள் அட்டவணையை அழிக்கும் ஒரு வேலையைக் குறித்து வையுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அந்த வேலையை ரத்து செய்யலாம், வெளியே பூட்டப்பட்டுவிட்டால் ஐந்து நிமிடம் காத்திருக்கலாம். ஏற்றியபின், ஒரு பயனரின் முகவரிக்கு மட்டும் தடம் காட்டும் குறியை இட்டு, என்எஃப்டி மானிட்டர் டிரேஸ் கட்டளையில் அந்தப் பொதி எந்தெந்தச் சங்கிலியில் என்ன முடிவு பெற்றது என்பதைப் பாருங்கள். ஊகித்துக்கொண்டிருப்பதைவிட இது பல மடங்கு விரைவானது.

பழைய போஸ்ட்அப், போஸ்ட்டவுன் வரிகளைக் கடைசியாக நீக்குங்கள். அப்போது ஒன்றை மறக்க வேண்டாம்: பழைய கோப்பு அப்படியே இருக்கும்போது சுரங்கத்தை இறக்கி, அது சேர்த்த விதிகளை அதைக்கொண்டே நீக்கச் செய்த பிறகுதான் வரிகளை அழிக்க வேண்டும். இந்தப் படியை மட்டும் சுரங்கத்தின் வழியாகச் செய்யாமல், அலுவலகத்துக்குள் இருந்தோ கணினியின் கன்சோலில் இருந்தோ செய்யுங்கள். அதன்பின் ஈத்0 என்ற பெயரில் ஏதேனும் விதி மிஞ்சியிருக்கிறதா என்று முழுப் பட்டியலையும் ஒருமுறை தேடிப் பார்த்து, இருந்தால் கையால் நீக்கிவிட்டு, சுரங்கத்தை மறுபடி எழுப்புங்கள்.